கணையக் கட்டியும் ஆபரேஷனும்: எல்லோரும் கேட்கிற கேள்விகள்

அக்காவுக்குக் கணையத் தலையில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதக் கீமோ எல்லாம் முடியும்வரை பக்கத்தில் இருந்தேன். அது தெரிந்தவர்கள், தங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் எனக்கு போன் செய்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் கிடையாது. மருந்தின் அளவும் கடைசி முடிவும் உங்கள் டாக்டர்கள் சொல்வதுதான். அவர்கள் சொல்வது அந்தப் பதற்றத்தில் காதில் ஏற வேண்டுமே, அதற்குத்தான் இது.

ஸ்கேன்ல கணையத்துல கட்டின்னு வந்திருக்கு. அப்போ கேன்சர்தானா?

அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. கணையத்தில் வருகிற கேன்சரில் பத்துக்கு ஒன்பது அடினோகார்சினோமா என்ற வகை. எல்லோரும் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். ஆனால் கணையத்தில் தெரிகிற கட்டி எல்லாம் அது கிடையாது. நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் மெதுவாக வளரும். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டுபிடித்தது அந்த வகைதான். அவர் கதையையும் அடினோகார்சினோமாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

அப்புறம் நீர்க்கட்டிகள். சீரஸ் வகை நீர்க்கட்டி கிட்டத்தட்ட எப்போதுமே சாது. மியூசினஸ் வகையும், கணையக் குழாய்க்குள்ளிருந்து வளர்கிற ஐபிஎம்என் என்பதும் பின்னாளில் கேன்சராக மாறக்கூடியவை. கட்டியே இல்லாமல் கணையம் வீங்கி, ஸ்கேனில் கட்டி போலவே காட்டும் ஆட்டோஇம்யூன் அழற்சியும் உண்டு. அது ஸ்டீராய்டு கொடுத்தால் வடிந்துவிடும்.

ஆகவே டாக்டர் முன்னால் உட்காரும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இது என்ன வகை, கணையத்தில் எந்த இடம், எந்த ரத்தக்குழாயைத் தொடுகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குத்தான் திரும்பி வரும்.

நல்லாத்தானே இருந்தாங்க. ஏன் இவ்வளவு லேட்டா தெரிய வருது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே படுத்திருக்கிறது. நீளம் சுமார் 15 செ.மீ. வலது பக்கம் தலை, நடுவில் உடல், இடது பக்கம் மண்ணீரலைத் தொட்டுக்கொண்டு வால். வயிற்றை அமுக்கிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படாது. வாலில் வருகிற கட்டி சத்தமே போடாமல் வளரும்.

பசி குறைவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, முதுகுக்குப் பாய்கிற வயிற்று வலி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் அந்த வலி கொஞ்சம் தணிவது, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதப்பது, 50 வயதுக்கு மேல் திடீரென்று சுகர் வந்து கூடவே எடையும் குறைவது. இவை எல்லாம் அறிகுறிகள்தான். ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் காரணம் நூறு இருப்பதால் யாருக்கும் கணையம் நினைவுக்கு வருவதில்லை.

வலியே இல்லை, மஞ்சள் காமாலை மட்டும்தான். அதுக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம்?

கல்லீரலிலிருந்து வருகிற பித்தக் குழாய் கணையத் தலைக்குள் புகுந்துதான் குடலுக்குப் போகிறது. தலையில் கட்டி வந்தால் குழாய் நசுங்கும். பித்தம் குடலுக்குப் போகாததால் மலம் வெளிறிக் களிமண் நிறமாகிறது. ரத்தத்தில் ஏறிய பித்தம் சிறுநீரில் இறங்குவதால் அது கறுத்துப்போகிறது. உடம்பெல்லாம் அரிப்பு. வலியில்லாத காமாலை என்றால் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நாங்கள் இதில் மூன்று வாரம் தொலைத்தோம். கல்லீரல் அழற்சி என்று ஓரிடத்தில் சொல்லி ஓய்வெடுக்கச் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். அக்கா இரவெல்லாம் சீப்பை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். மலத்தின் நிறத்தை யாரும் கேட்கவில்லை, நாங்களாகச் சொல்லவும் கூச்சம். கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும்: தலையில் வந்த கட்டி காமாலையாகத் தன்னைக் காட்டிக்கொடுப்பது ஒரு வகையில் நல்லதுதான். வாலில் வருவதற்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது.

எத்தனை ஸ்கேன்தான் எடுப்பாங்க? எல்லாம் அவசியமா?

மிக முக்கியமான பரிசோதனை ஒன்றுதான்: கணையத்துக்கென்றே எடுக்கிற சிடி ஸ்கேன். சாதாரண வயிற்று சிடி போதாது. மருந்து ஏற்றி, அது தமனியிலும் கணையத்திலும் இருக்கும்போது ஒரு முறை, சிரைகளுக்கு வந்ததும் இன்னொரு முறை, மெல்லிய அடுக்கு அடுக்காக எடுப்பார்கள். கட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். நசுங்கிய பித்தக் குழாயைத் திறந்து வைக்க உள்ளே விடுகிற சின்னக் குழாய்க்கு ஸ்டென்ட் என்று பெயர். முடிந்தால் அதை வைக்கும் முன்பே இந்த சிடியை எடுத்துவிட வேண்டும். ஸ்டென்ட் வைத்தபின் வருகிற வீக்கம் படத்தைக் குழப்பும். ஆபரேஷன் தள்ளிப்போய்ப் படம் நாலு வாரத்துக்கு மேல் பழசாகிவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள், அதற்குள் நிலைமை மாறியிருக்கலாம்.

மற்றவை தேவையைப் பொறுத்தது. நீர்க்கட்டிக்கும் கல்லீரலில் சந்தேகப் புள்ளிகளுக்கும் எம்ஆர்ஐ. வாய் வழியே விடுகிற எண்டோஸ்கோப் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கும் இயூஎஸ், இரைப்பைக்குள்ளிருந்தே கணையத்தை அருகில் பார்த்து ஊசியால் சதையும் எடுக்கும். நியூரோஎண்டோகிரைன் சந்தேகம் என்றால் கேலியம் டோட்டா பெட் ஸ்கேன்.

சிஏ 19-9 ரத்தப் பரிசோதனை 400 காட்டுது. நார்மல் 37 தானே? முத்திடுச்சா?

சிஏ 19-9 என்பது கணையக் கேன்சர் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு பொருள். காமாலை இருக்கும்போது எடுத்ததா என்று முதலில் பாருங்கள். பித்தம் அடைத்திருந்தாலே இந்த எண் ஏறும், கேன்சரே இல்லாவிட்டாலும் ஏறும். காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் இறங்கியபின் எடுப்பதுதான் நம்பத்தக்க எண். மறுபக்கம், மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேருடைய உடம்பு பிறவியிலேயே இந்தப் பொருளைத் தயாரிக்காது. அவர்களுக்குக் கட்டி இருந்தாலும் எண் ஏறாது. நோயைக் கண்டுபிடிக்க இது நல்ல கருவி இல்லை. சிகிச்சை வேலை செய்கிறதா என்று ஒரே ஆளுடைய எண்ணைத் தொடர்ந்து பார்க்கத்தான் உதவும்.

பயாப்சியே எடுக்காம நேரா ஆபரேஷன்னு சொல்றாங்க. அவசரப்படுறாங்களோ?

அப்படி இருக்க வேண்டியதில்லை. படத்தில் கட்டி தெளிவாகத் தெரிகிறது, எடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்றால், பயாப்சி, அதாவது சதை எடுத்துப் பார்ப்பது, இல்லாமலே ஆபரேஷனுக்குப் போவது உலகம் முழுக்க வழக்கம். ஊசியில் கேன்சர் செல் கிடைக்காவிட்டாலும் சந்தேகம் தீராது, எப்படியும் கட்டியை எடுக்கத்தான் போகிறார்கள். ஆனால் முதலில் கீமோ கொடுப்பதென்றால் பயாப்சி கட்டாயம். வகை தெரியாமல் கீமோ கொடுக்க மாட்டார்கள். முன்னே சொன்ன ஆட்டோஇம்யூன் அழற்சி என்று சந்தேகம் இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன் அதை உறுதி செய்துகொள்வார்கள்.

ஊசி குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே?

இயூஎஸ் வழியாக எடுக்கும்போது அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. கணையத் தலையில் என்றால் ஊசி போன பாதையே ஆபரேஷனில் வெட்டி எடுக்கிற பகுதிக்குள் வந்துவிடும்.

பிலிருபின் 11 இருக்கு. முதல்ல ஸ்டென்ட் வச்சு இறக்கிட்டுத்தான் ஆபரேஷனா?

ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. பிலிருபின் 2.3 முதல் 14.6 வரை இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நேரடியாகவும் மற்றதற்கு ஸ்டென்ட் வைத்துச் சில வாரம் கழித்தும் ஆபரேஷன் செய்தார்கள். கடுமையான சிக்கல் வந்தது நேரடிக் குழுவில் 39 சதவீதம் பேருக்கு, ஸ்டென்ட் குழுவில் 74 சதவீதம் பேருக்கு. ஸ்டென்ட் அடைத்துக்கொள்வதும் கிருமி ஏறுவதும்தான் பெரும்பகுதி.

ஆகவே சீக்கிரம் ஆபரேஷன் தேதி கிடைக்கிறது என்றால் ஸ்டென்ட் தேவைப்படாமலே போகலாம். குளிர்காய்ச்சல் வந்து பித்தக் குழாயில் கிருமி என்றாலோ, பிலிருபின் மிக அதிகம் என்றாலோ, முதலில் கீமோ என்றாலோ கண்டிப்பாக வைப்பார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும், உலோகம் அதைவிட நாள் தாங்கும். ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

"இப்போ ஆபரேஷன் வேண்டாம், முதல்ல கீமோ"ன்னுட்டாங்க. கைவிட்டுட்டாங்களா?

இல்லை. இங்கேதான் அந்த மூன்றாவது கேள்வி வருகிறது, ரத்தக்குழாய். கணையத்துக்குப் பின்னால் குடலுக்குப் போகிற பெரிய தமனியும், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிற பெரிய சிரையும் ஒட்டியபடி ஓடுகின்றன. சிரையைக் கட்டி தொட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டி மறுபடி இணைக்க முடியும். தமனியைப் பாதிச் சுற்றுக்கு மேல் கட்டி வளைத்துவிட்டால் பெரும்பாலும் முதலில் கத்தி வைக்க மாட்டார்கள். எங்கள் சர்ஜன் மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் இரண்டு கோடு இழுத்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு, "இந்த இடைவெளிதான் உங்க அக்காவோட அதிர்ஷ்டம்" என்றார். அந்தச் சீட்டு இன்னும் ஃபைலில் இருக்கிறது.

எடுக்கலாம், விளிம்பில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது, வேறு உறுப்புக்குப் போய்விட்டது என்று நாலு நிலை சொல்வார்கள். கண்டுபிடிக்கும்போதே எடுக்கிற நிலையில் இருப்பவர்கள் நூற்றில் 15 முதல் 20 பேர்தான். விளிம்பில் இருப்பவர்களுக்குச் சில மாதம் கீமோ கொடுத்துக் கட்டியைப் பின்வாங்க வைத்து அப்புறம் ஆபரேஷனுக்குப் போவதுதான் இப்போது வழக்கம். எடுக்கக்கூடிய நிலையிலேயே முதலில் கீமோ கொடுக்கிற இடங்களும் உண்டு. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்ட அடினோகார்சினோமாவில் கணையத்தை மட்டும் வெட்டுவதால் பொதுவாகப் பயனில்லை. "ஏன் ஆபரேஷன் பண்ண மாட்டேங்கறாங்க" என்று அப்போது சண்டை போடாதீர்கள். வலியைக் குறைக்கிற நரம்பு ஊசி, ஸ்டென்ட், கீமோ என்று செய்ய வேண்டியது அங்கேயும் நிறைய இருக்கிறது.

எந்த சர்ஜன்கிட்ட போறது? பக்கத்துலயே ஒரு நல்ல டாக்டர் இருக்காரு.

நல்லவராகவே இருக்கட்டும். கேட்க வேண்டியது, இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறார், அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நடக்கிறது என்பதுதான். அமெரிக்காவில் முதியவர்களின் ஆபரேஷன் கணக்குகளை எடுத்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. கணைய ஆபரேஷன் வருஷத்துக்கு ஒன்றுகூட நடக்காத ஆஸ்பத்திரிகளில் இறந்தவர்கள் 16.3 சதவீதம், வருஷத்துக்கு 16க்கு மேல் நடக்கிற இடங்களில் 3.8 சதவீதம். அதே நோய், அதே ஆபரேஷன். இந்த வித்தியாசம் சர்ஜனின் கையால் மட்டும் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டிரெய்னில் (வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே எடுக்கிற குழாயில்) ரத்தம் தெரிந்தால் அது என்ன என்று புரிகிற நர்ஸ், உடனே ரத்தக்குழாய்க்குள் போய் அடைக்கிற ரேடியாலஜி ஆள், ஐசியூ எல்லாம் சேர்ந்தது.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். பத்து நாள் செலவானாலும் பரவாயில்லை. இரண்டு மாதம் செலவிடக் கூடாது.

விப்பிள் ஆபரேஷன்னா கணையத்தை மட்டும்தானே எடுப்பாங்க?

கணையத் தலை, அதை வளைத்திருக்கிற முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பகுதி, சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள், சில சமயம் இரைப்பையின் நுனி. இத்தனையும் போகும். கணையத் தலையும் முன்சிறுகுடலும் ஒரே ரத்தக்குழாய்களைப் பங்குபோட்டுக்கொள்வதால் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது. அப்புறம் மிச்சக் கணையம், பித்தக் குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு தனித்தனியாக இணைக்க வேண்டும். மொத்தம் நாலு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், ஆறாவது மணி நேரத்தில் என்னமோ ஆகிவிட்டது என்று கற்பனை செய்ய மாட்டார்கள்.

பெயர் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க சர்ஜனுடையது, 1935இல் எழுதினார். ஜெர்மனியில் வால்டர் கவுஷ் 1909இலேயே இதைச் செய்துவிட்டார், பெயர் மட்டும் மற்றவருக்குப் போய்விட்டது.

எங்க அப்பாவுக்கு வால் பகுதியில. அதுக்கும் விப்பிள்தானா?

இல்லை. வாலையும் உடலையும் எடுக்கிற ஆபரேஷன் வேறு. குடலை மறுபடி இணைக்கிற வேலை அதில் கிடையாது. ஆனால் மண்ணீரலும் பெரும்பாலும் கூடவே போகும். மண்ணீரல் இல்லாதவர்களுக்குச் சில கிருமிகள் மின்னல் வேகத்தில் ரத்தத்தில் பரவும் என்பதால் நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் தடுப்பூசிகள் தேவை. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுவது நல்லது. விட்டுப்போனால் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து. இதை நீங்களே நினைவுபடுத்துங்கள், டிஸ்சார்ஜ் பரபரப்பில் மறந்துபோகிற விஷயம்.

லேப்ராஸ்கோப்பில, ரோபோவில செஞ்சா சீக்கிரம் ஆறுமாமே?

வால் பகுதிக்குச் சரி, நன்றாக நடக்கிறது. விப்பிளுக்கு நான் அவசரப்பட மாட்டேன். நெதர்லாந்தில், சிறு துளைகள் வழியே செய்கிற லேப்ராஸ்கோப் விப்பிளையும் திறந்து செய்வதையும் ஒப்பிட்ட ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். லேப்ராஸ்கோப் பக்கம் 50 பேரில் 5 பேரும், திறந்து செய்த 49 பேரில் ஒருவரும் இறந்திருந்தார்கள். கைதேர்ந்த குழுவிடம் நல்ல முடிவுகள் வருவதும் உண்மை. எத்தனை துளை என்பதைவிட எத்தனை ஆபரேஷன் செய்தவர் என்று கேளுங்கள்.

வயித்தைத் திறந்துட்டு ஒண்ணும் செய்யாம மூடிடுவாங்களாமே?

நடக்கிறது. சிடியில் தெரியாத, அரிசிமணியைவிடச் சின்ன முடிச்சுகள் கல்லீரல் மேலோ வயிற்று உறையிலோ இருந்தால் சர்ஜன் நிறுத்திவிடுவார். அதைத் தவிர்க்கத்தான் சிலருக்கு முதலில் ஒரு சிறு துளை வழியே கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். அப்படி நிறுத்துவது சர்ஜனின் தோல்வி கிடையாது, அந்த உடம்பைப் பெரிய காயத்திலிருந்து காப்பாற்றிச் சீக்கிரம் கீமோவுக்கு அனுப்புவது. முந்தின நாளே கேட்டுவிடுங்கள்: உள்ளே பார்த்து நிறுத்த வேண்டிவந்தால் காமாலைக்கு, வாந்திக்கு என்ன செய்வீர்கள்?

அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லலை. "சின்ன அடைப்பு"ன்னு சொல்லியிருக்கோம். சரிதானே?

எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டு மணி நேர ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவது அவர்கள். முடிந்து எழுந்து நடப்பதும், மூச்சுப் பயிற்சி செய்வதும், கீமோவைத் தாங்குவதும் அவர்கள். சின்ன அடைப்புக்கு யார் இவ்வளவு பாடுபடுவார்கள்? எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "உனக்கு எவ்வளவு தெரியணும்?" என்று கேட்டால் அவர்களே அளவு சொல்வார்கள். நாங்களும் பத்து நாள் மறைத்தோம். அக்கா ஃபைலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் படித்துவிட்டு, நாங்கள் பயந்துவிடக் கூடாதே என்று அவள் எங்களிடம் மறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்ல இருந்து நாங்க என்ன செய்யலாம்?

புகைப்பதை இன்றைக்கே நிறுத்த வேண்டும், குறைந்தது நாலு வாரம் இடைவெளி இருந்தால் நுரையீரல் கொஞ்சம் தேறும். தினமும் நடக்க வைக்கலாம். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்பே வாங்கிப் பழகினால், ஆபரேஷன் மறுநாள் வலியோடு அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்காது. புரதம் நிறைய. சாப்பிட்டும் எடை இறங்குகிறது, மலம் மிதக்கிறது என்றால் ஆபரேஷனுக்கு முன்பே, சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற என்சைம் மாத்திரை தேவையா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மூலிகை மருந்து எடுக்கிறவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். காமாலையில் ரத்தம் உறைவதற்கான வைட்டமின் கே குறையும் என்பதால் அந்த ஊசியும் போடுவார்கள்.

ஆபரேஷன் முடிஞ்ச முதல் வாரம் எப்படி இருக்கும்?

முதல் முறை ஐசியூவில் பார்க்கும்போது திடுக்கென்றிருக்கும். மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று, வயிற்றின் பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ டிரெய்ன். எல்லாம் திட்டப்படிதான். மறுநாளே எழுப்பி உட்கார வைப்பார்கள், கொடுமை என்று தோன்றும். படுத்தே இருந்தால் நுரையீரலில் சளியும் காலில் ரத்தக் கட்டியும் சேரும். இந்த நோயில் ரத்தம் உறையும் ஆபத்து மற்ற கேன்சர்களைவிட அதிகம், அதனால் ஹெப்பாரின் வகை ஊசியை வீட்டுக்குப் போனபிறகும் நாலு வாரம்வரை தொடரச் சொல்வது உண்டு.

சிலருக்கு இரைப்பை வேலைநிறுத்தம் செய்யும். குடித்தது கீழே இறங்காமல் வாந்தியாகும், மூக்குக் குழாய் திரும்ப வரும். அக்காவுக்குப் பன்னிரண்டு நாள் இப்படி இருந்தது. ஒரு ஸ்பூன் தண்ணீரை விழுங்கிவிட்டு, அது தங்குகிறதா என்று கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பதின்மூன்றாம் நாள் தங்கியது. காத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிஸ்சார்ஜ் தள்ளிப்போனதற்குக் காரணம் இதுதான் என்றால் பயப்பட வேண்டாம்.

டிரெய்ன்ல கணைய நீர் கசியுதாம். தையல் விட்டுப்போச்சா? தப்பா செஞ்சுட்டாங்களா?

விப்பிளில் சர்ஜன்கள் தூக்கம் கெடுவது இந்த ஓர் இணைப்பால்தான். கணையம் வெண்ணெய் மாதிரி மிருது, தையல் பிடிக்காது. மூன்றாம் நாள் டிரெய்ன் நீரில் அமைலேஸ் என்ற கணைய என்சைம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ரத்தத்தின் சாதாரண அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு என்று கணக்கு. ஆனால் அந்த எண் மட்டும் ஏறி, ஆள் நன்றாக இருந்தால் அதைச் சிக்கலாகவே எண்ணுவதில்லை. பலருக்கு டிரெய்னைக் கூடுதல் நாள் வைத்திருந்தாலே அடங்கிவிடும்.

இதில் ஒரு விநோதம். கொடிய அடினோகார்சினோமா கணையக் குழாயை அடைத்துக் கணையத்தைக் கெட்டியாக்கிவிடுவதால் அதில் தையல் நன்றாகப் பிடிக்கும். சாதுவான சின்னக் கட்டிக்காரரின் கணையம்தான் மிருதுவாக இருந்து அதிகம் கசியும். "சாதாரணக் கட்டின்னு சொன்னீங்களே, ஏன் ஒரு மாசம் ஆஸ்பத்திரி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒரு நோட்டில் தினமும் டிரெய்ன் அளவையும் நிறத்தையும் எழுதி வையுங்கள். முதல் நாட்களில் சிவப்பாக இருந்து வெளிறிக்கொண்டு போக வேண்டும். வெளிறியது மறுபடி சிவந்தால், கொஞ்சம்தான், நின்றுவிட்டது என்றாலும், அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். பெரிய ரத்தப்போக்குக்கு முன் சின்னதாக ஒன்று எட்டிப் பார்ப்பது வழக்கம்.

வீட்டுக்கு வந்தப்புறம் எதுக்கெல்லாம் திரும்ப ஓடணும்?

காய்ச்சல், நடுக்கம், மலம் தார் மாதிரி கறுப்பு, ரத்த வாந்தி, எதைக் குடித்தாலும் வாந்தி, காமாலை திரும்புவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல். போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போகிற விஷயங்கள் இல்லை இவை.

சாப்பிட்டது எதுவும் ஒட்டலை. என்சைம் மாத்திரையும் சாப்பிடுறாங்க, ஆனா பலன் இல்லை.

எப்போது சாப்பிடுகிறார்கள்? நிறையப் பேர் சாப்பாடு முடிந்ததும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடுகிறார்கள். அது வீண். முதல் வாயோடு தொடங்கி, இரண்டு மூன்று மாத்திரை என்றால் நடுவில் ஒன்று போட வேண்டும். என்சைம் உணவோடு கலந்தால்தான் வேலை. மென்று தின்னக் கூடாது, கொதிக்கிற பானத்தோடு விழுங்கக் கூடாது. பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லிப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கிற என்சைம்), சிறுதீனிக்கு அதில் பாதி என்பது பொதுவான தொடக்க அளவு. நிறையப் பேர் அதில் கால்வாசி அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். மலம் மிதப்பது நின்றால் அளவு சரி என்று அர்த்தம், நிற்காவிட்டால் டாக்டரிடம் அளவைக் கூட்டக் கேளுங்கள். கொழுப்பை ஒரேயடியாக நிறுத்துவதைவிட இது நல்லது, ஏனென்றால் எடை ஏற வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு சின்ன வேளை, மூன்று பெரிய வேளையைவிட எளிது. இந்த மாத்திரைகள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. நம்பிக்கை சார்ந்து தயக்கம் உள்ளவர்கள் பின்னால் தெரிந்து வருந்துவதைவிட முன்பே பேசிவிடலாம்.

கணையத்தை எடுத்தா கட்டாயம் சுகர் வருமா?

பாதியை எடுத்தவர்களில் சிலருக்கு வரும், ஏற்கெனவே விளிம்பில் இருந்தவர்களுக்கு அதிகம். முழுக் கணையமும் போனால் நிச்சயம், வாழ்நாள் முழுக்க இன்சுலின். அந்தச் சுகர் சாதாரணச் சுகரைவிட முரண்டு பிடிக்கும். இன்சுலினோடு, சுகர் தாழும்போது தூக்கிவிடுகிற குளுக்கோகானும் போய்விடுவதால் தாழ்சுகர்தான் பெரிய ஆபத்து.

முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. ஆனா ரிப்போர்ட்ல "ஆர் 1"னு இருக்கு. பொய் சொன்னாங்களா?

கண்ணுக்குத் தெரிந்ததை முழுசாக எடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் வெட்டிய ஓரத்தில் செல்கள் தெரிந்தால் ஆர் 1, இல்லாவிட்டால் ஆர் 0. சில இடங்களில் ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் செல் இருந்தாலே ஆர் 1 என்று எழுதுவார்கள். அதே ரிப்போர்ட்டில் எத்தனை நிணநீர்க் கணு எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் என்று பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்றுவரை ஒரு நிலை, நாலோ அதற்கு மேலோ என்றால் அடுத்த நிலை.

எடுத்தாச்சு, ஆர் 0வும் வந்தாச்சு. அப்புறம் எதுக்குக் கீமோ?

அடினோகார்சினோமாவில், சிடிக்குத் தெரியாத செல்கள் பலருக்கு ஏற்கெனவே வெளியேறியிருக்கும். பிரான்ஸிலும் கனடாவிலும் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 54 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். பழைய ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களுக்கு அது 35 மாதம். கடினமான மருந்துதான், நல்ல தெம்புள்ளவர்களுக்கே கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு மென்மையான வேறு கூட்டு உண்டு. பொதுவாக 12 வாரத்துக்குள் தொடங்கச் சொல்வார்கள். ஆள் தேறாமல் அவசரமாக ஆரம்பித்து நடுவில் விடுவதைவிட, சில வாரம் பொறுத்து முழுவதையும் முடிப்பது மேல்.

எவ்வளவு நாள் இருப்பாங்க?

நள்ளிரவில் தேடிப் பார்த்தால் 13 சதவீதம் என்ற எண் வரும். அமெரிக்கக் கணக்கில் கணையக் கேன்சர் வந்தவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் அது. பரவியது, பரவாதது, ஆபரேஷன் செய்தது, செய்யாதது எல்லாம் சேர்ந்த எண். மேலே சொன்ன ஆய்வில், ஆபரேஷனும் அந்தக் கூட்டு மருந்தும் எடுத்தவர்களில் 43 சதவீதம் பேர் ஐந்து வருஷம் தாண்டினார்கள். பரவாத நியூரோஎண்டோகிரைன் கட்டியில் 90க்கும் மேல். ஆகவே முதல் பதிலுக்கே போக வேண்டும்: என்ன வகை, எந்த இடம், எந்த ரத்தக்குழாய். அது தெரியாமல் யார் சொல்லும் எண்ணும் உங்கள் வீட்டு ஆளைப் பற்றியது கிடையாது. தெரிந்தபின் சொல்கிற எண்கூட ஒரு கூட்டத்தைப் பற்றியதுதான்.

எங்களுக்கும் வருமா? பிள்ளைகளை டெஸ்ட் பண்ணணுமா?

முதலில் நோயாளிக்குத்தான். அடினோகார்சினோமா வந்த எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்பது இப்போதைய பரிந்துரை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும். சுமார் பத்தில் ஒருவருக்குப் பரம்பரைக் கோளாறு இருக்கும். பிஆர்சிஏ 2 அதில் முக்கியமானது, மார்பகக் கேன்சரில் பேசப்படுகிற அதே மரபணுதான். அது இருந்தால் நோயாளியின் மருந்தே மாறலாம். நோயாளியிடம் கோளாறு இருந்தால்தான் கூடப்பிறந்தவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பரிசோதனை. சின்னக் குழந்தைகளுக்கு அவசரம் இல்லை.

எனக்கு 1.5 செ.மீ. நீர்க்கட்டி. "சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலாம்"ங்கறாங்க. எடுத்துட்டா நிம்மதிதானே?

மேலே ஆபரேஷன் பற்றிய பதில்களைப் படித்துவிட்டு மறுபடி கேளுங்கள். கிளைக் குழாயில் வருகிற சின்ன ஐபிஎம்என்களில் பெரும்பாலானவை கேன்சராக மாறுவதே இல்லை. மிருதுவான கணையம் என்பதால் உங்களுக்குக் கசிவு ஆபத்து அதிகம் என்றும் பார்த்தோம். நீர்க்கட்டிக்குள் சதை முளைப்பது, முக்கியக் குழாய் விரிவது, காமாலை, வேகமாகப் பெரிதாவது. இவற்றில் ஒன்று வந்தால் பேச்சு மாறும். இரண்டு செ.மீ.க்குள் இருக்கிற, ஹார்மோன் சுரக்காத நியூரோஎண்டோகிரைன் கட்டிகளையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது உண்டு. ஆனால் பார்த்துக்கொண்டிருப்பது என்றால் சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போவது. போகாமல் இருப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது.

எல்லாம் முடிஞ்சப்புறம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை செக்கப்?

அடினோகார்சினோமா என்றால் முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் இடைவெளி கூடும். போகும்போது பழைய ஸ்கேன் டிஸ்க்குகளையும் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஆபரேஷன் நடந்த இடத்தில் தழும்பு, கட்டி போலவே தெரியும். ஆறு மாதத்துக்கு முன்பும் அது அப்படியேதான் இருந்தது என்று சொல்ல அந்தப் பழைய படம் வேண்டும். அக்காவுக்கு ஒரு தடவை அப்படி ஒரு நிழல் தெரிந்து, நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய டிஸ்க்கை எடுத்துவந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "அதேதான், மாறலை" என்றார் ரேடியாலஜிஸ்ட்.